நாடா மிச்சத்தில் நிரப்பிய இசை

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள கண்ணு,

நலம். உன் அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. மாப்பிள்ளையையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

போன வாரம் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. பள்ளி பேண்டில் பேரனுக்குப் பிரெஞ்சு ஹார்ன் என்ற வளைந்த பித்தளை ஊதுவாத்தியத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், ஆண்டு விழாவுக்கு ‘மிஷன் இம்பாசிபிள்’ மெட்டைப் பழகுகிறார்கள் என்றும், அதில் டிரம்பெட்காரப் பிள்ளைகள் மெட்டை ஊத இவன் மட்டும் நடுநடுவே இரண்டு சுரம் ஊதிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருப்பதால் அழுகிறான் என்றும் சொன்னாய். டிரம்பெட்டுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டாய். அந்த மெட்டைப் போட்டவர் லாலோ ஷிஃப்ரின் என்று நீ சொன்ன நொடியிலிருந்து, இந்தப் பெயரை எங்கோ அச்சில் பார்த்திருக்கிறோமே என்ற எண்ணம் என்னை விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பரணில் ஏறி, நம் ரெக்கார்டிங் கடையை மூடியபோது கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்தேன். மூன்றாவது பெட்டியில், உறையின் விளிம்பு கரையான் அரித்த நிலையில், அந்த எல்.பி. ரெக்கார்டு கிடைத்தது. அதன் பெயர் ‘கில்லெஸ்பியானா’.

உனக்கு அந்தப் பெயர் நினைவிருக்காது. ஆனால் அதன் ஒலி உன் காதில் கட்டாயம் இருக்கும். நம் ரெக்கார்டிங் சென்டருக்கு வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். அறுபது நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டோ ஏழு பாட்டோ பதிந்தபின் இரண்டு மூன்று நிமிட நாடா மிஞ்சும். அதை வெறுமனே விட்டால், காசு கொடுத்தவர் மறுநாள் வந்து, கேசட் முடிவில் சத்தமே இல்லையே என்று கேட்பார். எனவே வெறும் வாத்திய இசை ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்புவது எல்லாக் கடைகளிலும் வழக்கம். குன்னூரில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது மொத்தமாக விலைக்கு வாங்கி வந்த ரெக்கார்டுகளில் இதுவும் ஒன்று. பாட்டுக் குரல் இல்லை, தொடக்கமே பித்தளை வாத்தியங்களின் முழக்கம் என்பதால் நிரப்புவதற்கு வாகாக இருந்தது. முள்ளை முதல் வரியில் வைப்பேன். நாடா தீர்ந்ததும் டெக் ‘டக்’கென்று நிற்கும். சத்தியமங்கலம் முதல் அந்தியூர் வரை எத்தனையோ வீடுகளில் அந்த இசையின் முதல் இரண்டு நிமிடம் மட்டும் ஒலித்தது. நீ கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது கேட்டதும் அந்த இரண்டு நிமிடத்தைத்தான். அதற்குப் பிறகு அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் உட்கார்ந்து கேட்டதில்லை. இசையை விற்றே உங்களை வளர்த்தவன் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

பிளேயர் உடனே ஓடவில்லை. உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் இத்தனை ஆண்டில் உருகி, கொதித்து ஆறிய வெல்லப்பாகு போலச் சக்கரத்தில் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துச் சுரண்டிச் சுரண்டித் துடைக்க அரை நாள் ஆயிற்று. விரல் நுனியில் அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை. ஈரோட்டில் அளவு பார்த்து வேறு பெல்ட் வாங்கி மாட்டினேன். புது முள்ளும் கிடைத்தது. புதன்கிழமை இரவு உன் அம்மா தூங்கியபின், இரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன்.

ரெக்கார்டுக்கு டிஸ்ஸி கில்லெஸ்பி என்ற டிரம்பெட் மேதையின் பெயரை வைத்திருப்பதால், இத்தனை காலமும் இது அவர் ஆக்கிய இசை என்றே நினைத்திருந்தேன். உண்மையில் ஐந்து பகுதிகளையும் எழுதி, எந்த வாத்தியம் எங்கே ஊத வேண்டும் என்று அமைத்து, பியானோவில் உட்கார்ந்து வாசித்தவர் ஷிஃப்ரின். 1960 நவம்பரில் நியூயார்க்கில் பதிவானபோது அவருக்கு வயது 28. ‘மிஷன் இம்பாசிபிள்’ தொலைக்காட்சித் தொடர் வந்தது 1966-ல். நான் கோவையில் நண்பர்களோடு வரிசையில் நின்று பார்த்த ‘எண்டர் தி டிராகன்’ படமோ 1973-ல் வந்தது. அந்தப் படத்துக்கும் இசை இவர்தான் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

அவர் பிறந்தது 1932-ல், அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில். தந்தை அந்நகரின் பெரிய இசையரங்கமான தியாத்ரோ கொலோனில் வயலின்காரர். வீட்டில் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதமே சோறும் தண்ணீருமாக இருக்க, பிள்ளையின் மனம் அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையில் போய் விழுந்தது. பாரிசுக்குப் போய்ப் பகலில் கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் மெஸ்ஸியான் என்ற பெரிய ஆசிரியரிடம் பாடம் கேட்டு, இரவில் ஜாஸ் கிளப்புகளில் பியானோ வாசித்தார். ஊர் திரும்பியதும் 16 பேர் கொண்ட பிக் பேண்ட் என்னும் பெரிய ஜாஸ் குழு ஒன்றைச் சொந்தமாக அமைத்தார். 1956-ல் அமெரிக்க அரசு அனுப்பிய இசைப் பயணத்தில் கில்லெஸ்பி தன் குழுவோடு அங்கே வந்தபோது, இந்த இளைஞரின் பேண்டைக் கேட்டுவிட்டு, எழுதியது யார் என்று விசாரித்து, அமெரிக்காவுக்கு வரும்படி அழைத்தார். இரண்டு ஆண்டு கழித்து ஷிஃப்ரின் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பிறகு கில்லெஸ்பியின் ஐவர் குழுவிலேயே பியானோக்காரர் ஆனார். நம் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே பாடம் படித்த எம். எஸ். விஸ்வநாதனை அப்போது நினைத்துக்கொண்டேன். திரையில் பெயர் வருவதற்கு முன்னால் ஒருவர் உழைத்த ஆண்டுகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இனி, பேரனுக்காக நான் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான பிக் பேண்டில் டிரம்பெட் ஒரு வரிசை, டிராம்போன் ஒரு வரிசை, சாக்ஸபோன் ஒரு வரிசை என்று இருக்கும். ஷிஃப்ரின் இந்த ரெக்கார்டில் சாக்ஸபோன் வரிசையையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிரெஞ்சு ஹார்ன்களையும், மிகத் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் டியூபாவையும் உட்கார வைத்தார். சாக்ஸபோன் என்று கேட்பது ஐவர் குழுவில் இருந்த லியோ ரைட் ஒருவருடையது மட்டுமே. அவரே புல்லாங்குழலும் வாசிக்கிறார். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிரே பித்தளைக் கூட்டம், இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இந்த அமைப்பு ஐரோப்பாவின் பழைய கான்செர்ட்டோ குரோசோ முறையைச் சேர்ந்தது; அதாவது அப்பா வீட்டில் கேட்டதையும் இரவில் கிளப்பில் வாசித்ததையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார். பாரியூர்த் திருவிழாவில் ஒரு ஜமாப் மேளச் செட் அடித்து நிறுத்த எதிர் செட் எடுத்துக்கொள்ளும்போது நடுவில் நிற்பவனுக்கு உடம்பு எப்படிச் சிலிர்க்குமோ, அப்படி எனக்கு அந்த இரவில் சிலிர்த்தது.

முதல் கேட்டலில் எனக்கு டிரம்பெட் மட்டுமே கேட்டது. மறுநாள், இரண்டாம் முறை, டிரம்பெட்டை விட்டுவிட்டு அடியில் போகும் குரல்களை மட்டும் பின்தொடர்ந்தேன். கில்லெஸ்பி உச்சத்தில் ஏறி நிற்கும்போது, அவர் காலடியில் தரையாக விரிந்திருப்பது அந்த ஹார்ன்களின் கனத்த, மெத்தென்ற ஒலி. அதை மனத்தால் நீக்கிவிட்டுப் பார்த்தால் டிரம்பெட் அந்தரத்தில் தொங்குகிறது. சினிமாவில் வசனத்துக்கு அடியில், ஓடுகிற காருக்கு அடியில், ஒரு சுரம் எப்படி நின்று நம்மைப் பதற வைக்கிறதோ, அந்த வித்தையை ஷிஃப்ரின் இங்கேதான் கைவசப்படுத்தியிருக்கிறார் என்பது என் துணிபு. இதைவிடப் பெரிய பணத்தையும் புகழையும் படங்கள் அவருக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த ரெக்கார்டைப் படங்களுக்கு ஒத்திகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது தன்னளவில் நிறைந்தது.

ஆண்டு விழாவில் அவர்கள் வாசிக்கப்போகும் மெட்டைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அது ஐந்து எண்ணிக்கைத் தாளம். சிறுவயதில் இரண்டு ஆண்டு மிருதங்கம் கற்ற பழக்கத்தில் தொடையில் தட்டிப் பார்த்தேன். எண்ணிக்கைக்கு இரண்டு அட்சரமாக, ‘தகிட தகிட தக தக’ என்று சரியாகப் பத்து அட்சரத்தில் வந்து நிற்கிறது. பேரனை மனத்துக்குள் அதைச் சொல்லிக்கொண்டே ஊதச் சொல். அவனுடைய இரண்டு சுரம் எந்த ‘த’வில் விழுகிறது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். அது ஓர் அட்சரம் தள்ளி விழுந்தாலும் டிரம்பெட்காரப் பிள்ளைகள் எல்லாரும் தடுமாறிப் போவார்கள்.

ஆகவே இப்போதைக்கு ஹார்னை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. முடிவு உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும். அதற்கு முன் ஒரு முறை, உன் போனிலேயே இந்த ரெக்கார்டைத் தேடி எடுத்து, நீயும் அவனும் சேர்ந்து முதல் பகுதியைக் கேளுங்கள். இரண்டு நிமிடம் கடந்ததும் உன் காது தானாக அந்த ‘டக்’கை எதிர்பார்க்கும்; எனக்கும் அப்படித்தான் இருந்தது, கை தன்னை அறியாமல் டெக் பொத்தானைத் தேடியது. அங்கே நிறுத்தாமல் கேள், கண்ணு. அதற்கு அப்பால்தான் ஐவரும் பித்தளைக் கூட்டமும் உண்மையாகப் பேசத் தொடங்குகிறார்கள். 2025 ஜூனில், 93 வயதில், ஷிஃப்ரின் காலமாகிவிட்டார் என்பதைப் பிறகுதான் படித்தேன். அவர் எழுதிய முழுமையை ஒரு தரமாவது உனக்குக் கேட்கக் கொடுக்க வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது பேரன் தன் ஹார்னைக் கொண்டுவரட்டும். நான் பிளேயரைக் கூடத்தில் வைத்துத் தயாராக இருப்பேன். முள்ளைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன், அவன் அடியில் போகும் வரியைத் தேடிப் பிடித்துக் கூடவே ஊதிப் பார்க்கட்டும். கோவை விமானத்தில் அந்தப் பெட்டியைக் கையோடு எடுத்துவர விடுவார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா