ஸ்கேனர் ப்ரீஆம்ப்: பக்கத்தில் போட்டதும் பெட்டிக்குள் இருப்பதும் வேறு வேறு

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ரேடியோ ஸ்கேனருக்கான ஆண்டெனா ப்ரீஆம்ப் விவரக்குறிப்புக்குப் பொருந்தாதது, முழுப் பணத்தையும் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

பல ரேடியோ அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ஸ்கேனருக்காக உங்கள் தளத்தில் வாங்கிய அகல அலைவரிசை ப்ரீஆம்ப் (ஆண்டெனா சிக்னலைப் பெருக்கும் கருவி), 12 வோல்ட் அடாப்டர், பயஸ் டீ (ஆண்டெனா கேபிள் வழியாகவே ப்ரீஆம்புக்கு மின்சாரம் அனுப்பும் இணைப்பி) மூன்றும் அடங்கிய தொகுப்பைப் பற்றிய புகார் இது. ஆர்டர் விவரமும் ரசீதும் இணைப்பில் உள்ளன. தயாரிப்புப் பக்கத்தில் நீங்கள் கொடுத்திருப்பவை: 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை 20 டெசிபெல் கெயின் (பெருக்கம்), ஏற்ற இறக்கம் 1 டெசிபெல்லுக்குள்; 5 முதல் 12 வோல்ட் வரை எதிலும் இயங்கும்; எஃப்எம் ஒலிபரப்பைத் தடுக்கும் ஃபில்டர் உள்ளேயே உண்டு; 1 டெசிபெல் அமுக்கப் புள்ளி, அதாவது வலுவான சிக்னலில் பெருக்கம் 1 டெசிபெல் குறைந்துபோகும் அளவு, வெளியீட்டில் +18 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). இந்த நான்கில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை.

முதலில் மின்சாரம். மூடியில் நான்கே திருகாணிகள்; திறந்தால் உத்தரவாதம் போகும் என்ற ஒட்டு எதுவும் இல்லை. உள்ளே பெருக்கிச் சில்லுக்கு முன்னால் நிற்பது மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் மூன்று கால் 78எல்05 ரெகுலேட்டர். இது 5 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட்டாவது வர வேண்டும். 5 வோல்ட் பயஸ் டீயில் இணைத்தபோது சில்லின் காலில் மல்டிமீட்டர் காட்டியது 3.4 வோல்ட், இழுத்த மின்னோட்டம் 35 மில்லிஆம்ப். 8 வோல்ட் கொடுத்தால் அதே இடத்தில் சரியாக 5 வோல்ட், 85 மில்லிஆம்ப். பாதி மின்னோட்டத்தில் ஓடும் சில்லு வலுவான சிக்னலைத் தாங்காது. அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் 12 வோல்ட் கொடுக்கலாமே என்றால், அங்கே வேறு சிக்கல். மீதி 7 வோல்ட்டை அந்தச் சிறிய ரெகுலேட்டர்தான் வெப்பமாகக் கரைக்க வேண்டும். 85 மில்லிஆம்ப் வீதம் 0.6 வாட். அந்த உறைக்கு வாட்டுக்குச் சுமார் 150 டிகிரி என்று வைத்தால், சுற்றுவெப்பத்துக்கு மேல் 90 டிகிரி ஏறும். வெயிலில் நிற்கும் மூடிய உலோகப் பெட்டிக்குள் ஏற்கெனவே சூடு ஏறியிருக்கும்போது ரெகுலேட்டர் தன் வெப்பப் பாதுகாப்பில் அணைந்துவிடுகிறது, ஆறியதும் மீண்டும் இயங்குகிறது. நடுப்பகலில் சிக்னல் திடீரென்று விழுவதும் சில நிமிடங்களில் திரும்புவதும் இதனால்தான். பெட்டியோடு நீங்களே அனுப்பும் அடாப்டர் 12 வோல்ட் என்பதைக் கவனியுங்கள். ஆக, 5 முதல் 12 வோல்ட் என்ற வாக்குறுதியின் இரண்டு முனைகளும் ஓட்டை. ஒழுங்காக ஓடுவது 7.5 முதல் 9 வோல்ட் வரை மட்டும்.

அடுத்தது கெயின். 8 வோல்ட்டில் வைத்து, அலைவரிசைவாரியாகக் கெயினை அளக்கும் நானோவிஎன்ஏ கருவியின் வெளியீட்டுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பாகம்) போட்டு அளந்தது இது. அட்டென்யுவேட்டர் இல்லாமல் அளந்தால் பெருக்கி நிறைந்துபோய் எண்கள் பொய்யாக வரும்; உங்கள் சோதனைக் கூடத்துக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். 100 மெகாஹெர்ட்ஸில் 25 டெசிபெல், 400-ல் 19, 900-ல் 13. மேலே போகப் போகக் கெயின் சரிவது இந்த வகைச் சில்லுகளின் இயல்பு, அதில் குற்றமில்லை. அதைச் சமதளம் என்று அச்சிட்டதுதான் குற்றம். ஸ்கேனர் வைத்திருப்பவருக்குப் பெருக்கம் மிகவும் தேவைப்படுகிற மேல் அலைவரிசைகளில் குறைவாகவும், கொஞ்சமும் வேண்டாத எஃப்எம் ஒலிபரப்புப் பகுதியில் மிக அதிகமாகவும் இந்தக் கருவி பெருக்குகிறது.

அந்த எஃப்எம் பகுதியைத் தடுக்கத்தான் ஃபில்டர் இருக்கிறதே என்பீர்கள். 98 மெகாஹெர்ட்ஸில் கெயின் வளைவு இம்மியும் இறங்கவில்லை. பலகையைப் பார்த்தால் காரணம் புரிகிறது: எல்1, எல்2, எல்3 என்று வெள்ளை மையில் அச்சிட்ட இடங்கள் காலி. காயில் இல்லை, கெப்பாசிட்டர் இல்லை. அந்தக் காலி இடங்களைத் தாண்டிச் சிக்னல் நேராகப் போக ஒரு பூஜ்ய ஓம் ரெசிஸ்டர் வைத்துப் பாலம் போட்டிருக்கிறது, அதன் ஈயப் பற்றும் கொஞ்சம் வழிந்திருக்கிறது. நெருக்கமாக எடுத்த படம் இணைப்பில். கழன்று விழுந்த பாகமாக இருந்தால் திண்டுகளில் ஈயத் தடம் இருந்திருக்கும். இவை வைக்கப்படவே இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதற்கு ஓர் உதாரணம். 91.2, 104.8 மெகாஹெர்ட்ஸில் இரண்டு வலுவான எஃப்எம் நிலையங்கள் ஆண்டெனாவில் வந்து சேர்கின்றன. வலுவான சிக்னலில் பெருக்கி திணறி நேர்கோட்டை விட்டு விலகினால், இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்த 118.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு போலி சிக்னல் பிறக்கிறது. அது விமானப் போக்குவரத்துப் பேச்சுக்கான பகுதி. அங்கே ஸ்க்வெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் அமைப்பு) திறந்தே கிடக்கிறது, குரல்களுக்குப் பதில் உடைந்த பாட்டுச் சத்தம்.

இது வெளியிலிருந்து வரும் இடையூறு என்று உங்கள் ஊழியர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார். இல்லை. ஆண்டெனாவுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே 6 டெசிபெல் அட்டென்யுவேட்டர் போட்டதும், எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவரின் திரையில் உண்மையான சிக்னல்கள் 6 டெசிபெல் இறங்கின, 118.4-ல் இருந்தது 18 டெசிபெல் இறங்கியது. மூன்று மடங்கு இறங்குவது, மேலே சொன்னபடி பெருக்கிக்குள் சிக்னல்கள் கலந்து போலி பிறக்கும் மூன்றாம் வரிசைக் கலப்பின் அடையாளம். அதே அட்டென்யுவேட்டரை எடுத்து ப்ரீஆம்புக்குப் பின்னால், ரிசீவருக்கு முன்னால் போட்டபோது போலியும் 6 டெசிபெல்தான் இறங்கியது. அதாவது அது ரிசீவரில் பிறக்கவில்லை, உங்கள் பெட்டியில்தான் பிறக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு சிறு அட்டென்யுவேட்டர் போதும். புகாரைத் தட்டிக்கழிக்கும் முன் உங்கள் ஊழியர்களும் செய்து பார்க்கலாம்.

அமுக்கப் புள்ளியையும் 100 மெகாஹெர்ட்ஸில் அளந்தாயிற்று. 5 வோல்ட்டில், உள்ளீடு -40 டிபிஎம் இருக்கும்போது கிடைக்கும் கெயின், -20 டிபிஎம் கொடுத்தால் 3 டெசிபெல் சரிகிறது. அப்போது வெளியீடு 0 டிபிஎம் பக்கம்தான். +18 என்ற எண்ணுக்கு அருகில்கூட இல்லை. 8 வோல்ட்டில் நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் வாங்குகிறவர் 8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று எந்த மூலையிலும் நீங்கள் எழுதவில்லை.

இனி, உங்கள் உதவிப் பிரிவு தந்த யோசனை. கெயின் போதவில்லை, 30 டெசிபெல் மாடலுக்கு மாறுங்கள், திரையில் கோடுகள் முழுதாக ஏறும் என்றார்கள். கோடுகள் ஏறத்தான் செய்யும். இரைச்சலும் சேர்ந்தே ஏறும். காதுக்குப் பயன்படுவது இரண்டுக்கும் உள்ள இடைவெளி, கோடுகளின் எண்ணிக்கை அல்ல. கணக்கைப் பாருங்கள்: ஸ்கேனரின் இரைச்சல் எண் (கருவி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) 7 டெசிபெல், 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் 400 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 5. ப்ரீஆம்ப் இல்லாமல் மொத்தம் 12. இரைச்சல் எண் 1 உள்ள ப்ரீஆம்பை ஆண்டெனா அடியில் வைத்தால், 15 டெசிபெல் கெயினில் மொத்தம் 2.4, 20-ல் 1.5, 30-ல் 1.1. பதினைந்திலிருந்து முப்பதுக்குப் போய்க் கிடைக்கும் லாபம் 1.3 டெசிபெல், அதற்கு விலையாக ஸ்கேனரின் வாசலில் ஒவ்வொரு சிக்னலும் 15 டெசிபெல் கூடுதலாக மோதும். 150 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, குடியிருப்புகளின் மின்சாதன இரைச்சல் அதிகமுள்ள இடங்களில் அந்த 1.3 கூடக் கேட்கும்படி இருக்காது. கேபிளின் இழப்பை ஈடுகட்டி அதற்கு மேல் ஏறத்தாழ 10 டெசிபெல் மிஞ்சினால் போதும். நிரம்பி வழிகிற கருவிக்கு இன்னும் பெரிய கெயினைப் பரிந்துரைப்பது விற்பனை, உதவி அல்ல.

பெட்டியில் வரும் துண்டுச்சீட்டுப் படமும் தவறு. அதில் ப்ரீஆம்ப் ஸ்கேனரின் முதுகிலேயே சொருகியிருக்கிறது. மேலே சொன்ன அதே கேபிளில் 20 டெசிபெல் ப்ரீஆம்பை அந்த இடத்தில் வைத்தால் மொத்த இரைச்சல் எண் 6.1, ஆண்டெனா அடியில் வைத்தால் 1.5. கேபிளில் தொலைந்த சிக்னலைக் கீழே உட்கார்ந்து மீட்க முடியாது. பயஸ் டீயைத் தொகுப்பில் சேர்த்துவிட்டு, அது எதற்கு என்றே படத்தில் காட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.

ஆகவே கேட்பது:

கூரியர் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அதே பலகையுள்ள மாற்றுப் பெட்டி வேண்டாம். 30 டெசிபெல் மாடலும் வேண்டாம். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.

தயாரிப்புப் பக்கத்தில் எஃப்எம் ஃபில்டர் உண்டு என்ற வரியை நீக்குங்கள், அல்லது காலி இடங்களில் பாகங்களை வைத்து விற்கத் தொடங்குங்கள். மின்னழுத்தத்தை 7.5 முதல் 9 வோல்ட் என்று திருத்தி, 12 வோல்ட் அடாப்டருக்குப் பதில் 9 வோல்ட் அடாப்டர் வையுங்கள். கெயினையும் இரைச்சல் எண்ணையும் குறைந்தது 100, 400, 900 மெகாஹெர்ட்ஸில் தனித்தனியாகவும், அமுக்கப் புள்ளியை எந்த மின்னழுத்தத்தில் அளந்தது என்பதோடும் போடுங்கள். ஏற்கெனவே வாங்கி 12 வோல்ட்டில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ரெகுலேட்டர் சூட்டைப் பற்றி ஒரு மின்னஞ்சல் அனுப்புவது உங்கள் கடமை.

அளவீட்டு வளைவுகள், பலகையின் படங்கள், உங்கள் ஊழியரின் பதில் அஞ்சல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். கருவி எல்லாப் பாகங்களோடும் அதே பெட்டியில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துச் செல்ல ஆள் வரும் நாளை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்