எழுதி வைத்துக்கொள் தம்பி

உ
சிவமயம்

பள்ளத்தூர்
கார்த்திகை மாதம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரை படிப்பாய் என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழை நன்றாகப் பெய்கிறது. ஊருணி நிரம்பிவிட்டது. இரண்டாங்கட்டில் ஓடு மாற்ற வந்த கொத்தனார் மழையைப் பார்த்துவிட்டுப் பாதியில் போய்விட்டார், தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். உன் அக்காள் கோட்டையூர் ஆச்சிக்கு இது எட்டாம் மாதம், நன்றாக இருக்கிறாள். ஆத்தா தேன்குழலும் சீப்புச் சீடையும் செய்து டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். கூரியரில் அனுப்பலாம் என்றால் எந்த விலாசத்துக்கு என்று தெரியவில்லை. பாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எடுத்த அந்த வேளச்சேரி வீட்டில்தான் இன்னும் இருக்கிறாயா, வேறு இடம் பார்த்துவிட்டாயா? ஒரு வரி எழுது.

உங்கள் பாண்டின் புதுப் பாட்டைக் கேட்டேன். எதிர்வீட்டுப் பையன் போனில் போட்டுக் காட்டினான். அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகவும் கேட்டேன். நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நிற்கிற இடத்தில் நம் வீட்டு நடுமுற்றத்து வளவுக் கடிகாரம் அடிப்பது கேட்கிறது. ஆத்தாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "நம்ம கடிகாரந்தான்" என்று சொல்லி அவளுக்கு ஒரே சந்தோஷம். வழக்கம்போலக் கீழே போட்டிருந்த பெயர்களையும் படித்தேன். எழுதியவர், பாடியவர், கிட்டார், டிரம்ஸ், மிக்ஸ் செய்தவர், அட்டைப்படம் வரைந்த பெண், நன்றி என்று ஏழெட்டுப் பேர். எல்லாவற்றையும் படித்தேன். சரி, இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் யார் என்ன செய்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிநேகிதர்களுக்குள் என்ன எழுத்து என்று நீ சொல்வாய். நம்மில் கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதித்தானே தாலி கட்டுகிறோம்? அதற்காக மாப்பிள்ளை வீட்டார் மேல் நம்பிக்கை இல்லை என்றா அர்த்தம்? உங்கள் ஆத்தா வந்தபோது கொண்டுவந்த சீர் சாமான் பட்டியல் இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. வெள்ளி விளக்கிலிருந்து இடியாப்ப உரல் வரைக்கும் அதில் ஏறியிருக்கிறது. அதனால்தான் இத்தனை வருஷத்தில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மலேயாவில் உங்கள் ஐயாவுடைய மூவார்க் கடை விஷயம் உனக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்கு மனசில்லை.

நீங்கள் இங்கே ரெக்கார்டிங்குக்கு வந்தபோதே இதைச் சொன்னேன். வீடு பங்காளிகள் அத்தனை பேருக்கும் பொது. சினிமா ஷூட்டிங்குக்கு விட்டால் வாடகை வரும், இந்தப் பிள்ளைகளுக்கு எதற்குச் சும்மா விடவேண்டும் என்று பெரிய வீட்டு அண்ணன் கேட்டார். தேவகோட்டை ரஸ்தாவில் ஏவிஎம் மெய்யப்பச் செட்டியார் கொட்டகை போட்டுப் படம் எடுத்தபோதும் இப்படித்தான் நாலு பேர் கேட்டிருப்பார்கள், நம் பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறார்கள், அதற்கு இந்த வளவு உதவட்டும் என்று சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித்தான் சாவியைக் கொடுத்தேன். நீ அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தாய். கையெழுத்து இருந்ததால்தான் அண்ணன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

அந்த ராத்திரிகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. கல்யாணச் சமுக்காளங்களை எல்லாம் எடுத்து வளவைச் சுற்றித் தொங்கவிட்டீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் சத்தம் எதிரொலிக்கிறது என்று பாய் விரித்தீர்கள். பாடுகிற பையனை நம் பங்கு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினீர்கள். புறாக்கள் அடங்கிய பிறகுதான் தொடங்கவே முடிந்தது. நான் பட்டாலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அதுவரைக்கும் உங்கள் பாட்டில் உன் பேஸ் கிட்டார் எது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. அன்றைக்குத் தேக்குத் தூணில் கையை வைத்தபோது உள்ளங்கைக்கு வந்தது. நீ வாசிப்பதும் தெரிந்தது, நிறுத்துவதும் தெரிந்தது. அதற்கப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் எனக்கு முதலில் காதில் விழுவது அதுதான். புதுப் பாட்டிலும் அதுதான் விழுந்தது. பல்லவி முடிகிற இடத்தில் கீழ் சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்குகிறாயே, அதை வேறு யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதும் எனக்குத் தெரியும். காலையில் காபி குடித்துவிட்டு ஆம்ப் இல்லாமல் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அந்த மெட்டை நீதான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாய். பாடுகிற பையன் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்று கேட்டான். அதன்மேல்தான் அவன் வார்த்தை வைத்தான். வார்த்தை அவனுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல பையன், ஆத்தா கையால் பணியாரம் சாப்பிட்டவன், அவனைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. யாராவது கேட்டால் நான் பார்த்ததைச் சொல்வேன், அவ்வளவுதான்.

போன வாரம் வக்கீல் தேவகோட்டை அம்மான் கோர்ட் முடிந்து இந்தப் பக்கம் வந்தார். பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன், உன் பேரைச் சொல்லவில்லை. ஒரு பாட்டில் மூன்று சொத்து இருக்கிறது என்றார். வார்த்தை ஒன்று, இசை ஒன்று, பதிவு செய்த ஒலி ஒன்று. மூன்றுக்கும் ஒரே ஆள் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. இசைக்கு உரிமை கேட்கச் சுரம் எழுதி வைத்திருக்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை, உருவாக்கியவர்தான் இசையமைப்பாளர். அந்த உரிமை அவர் ஆயுசுக்கும், அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் நிற்கும். 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்களாம். பாட்டு எழுதியவரும் இசை போட்டவரும் பாட்டை ஒரு கம்பெனிக்கே கொடுத்துவிட்டாலும் ராயல்டியில் அவர்கள் பங்கைப் பிடுங்க முடியாது என்று அதில் வந்திருக்கிறது. ஐபிஆர்எஸ் என்று 1969லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது, எழுதியவர்களும் இசை போட்டவர்களும் அதில் சேர்ந்து தங்கள் பாட்டைப் பதிந்து வைக்கலாம். வாத்தியம் மட்டும் வாசித்தவருக்கு என்ன என்று கேட்டேன். இதை நீ கவனித்துப் படிக்க வேண்டும். வாசித்தவருக்கும் 50 வருஷ உரிமை உண்டு. வாசித்தது நான்தான் என்று பெயர் போடச் சொல்லும் உரிமையும் அதே 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. ஆனால் ஒரு பாண்டில் யார் இசையமைப்பாளர், யார் வாசித்தவர் மட்டும் என்பதைச் சட்டம் வந்து பிரித்துக் கொடுக்காது, அது உங்களுக்குள் பேசி எழுதிக்கொள்ள வேண்டியது என்றார் அம்மான். நான் சொன்னதையேதான் அவரும் சொன்னார்.

இதில் பணம் வரவே வராது, எதற்கு எழுத்து என்று நீ சொல்லலாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை வருஷத்துக்கு 1000 தடவையாவது கேட்டிருந்தால்தான் காசு என்று 2024லிருந்து வைத்துவிட்டார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். காசுக்காக நான் சொல்லவில்லை. திருவிழா மேடையில் நீங்கள் வாசித்ததை நான் பார்த்தேனே. சினிமாப் பாட்டுத்தான் வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி நடுராத்திரிக்கு மேல் உங்கள் சொந்தப் பாட்டு இரண்டுக்கு இடம் வாங்கினாய். முதல் பாட்டில் பாதிக் கூட்டம் எழுந்து போனது. இரண்டாவதில் மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் பல்லவியைத் திருப்பிப் பாடினார்கள். பலூன்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு நின்று பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்குக் கொடுத்த பணம் வேனுக்கே போதவில்லை என்பதும், மிச்சத்தை யார் கையிலிருந்து போட்டது என்பதும் எனக்குத் தெரியும். அதையாவது எங்கேயாவது குறித்து வைத்தாயா?

இந்த ஊரில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு மரியாதை இல்லாமல் போனதில்லை தம்பி. காரைக்குடி சகோதரர்கள் என்று ஒரே பெயரில்தான் அந்த இரண்டு பேரும் வீணை வாசித்தார்கள். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், இளையவர் சாம்பசிவ ஐயர் கிடத்தி வாசிப்பார். குழுவுக்குப் பெயர் ஒன்று. ஆனால் யார் எப்படி வாசித்தார் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். சாம்பசிவ ஐயருக்கு 1952ல் சங்கீத கலாநிதி கொடுத்தார்கள். காரைக்குடி மணி பக்கவாத்தியமாக இருந்த மிருதங்கத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தார். ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ரா என்கிற வெள்ளைக்காரக் குழுவோடு சேர்ந்து வாசித்தார். 2023ல் அவர் காலமானபோது நீ போனில் அழுதாய். தமிழில் பாட மேடை வேண்டும் என்று 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இதோ இந்தக் கானாடுகாத்தான்காரர்தான். தமிழில் சொந்தமாகப் பாட்டுப் போடுவது நம் ஊருக்குப் புதுசில்லை என்று உன்னைக் கேலி செய்தவர்களிடமெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன். அதனால் நீ விட்டுவிடாதே. யாரோடு வாசித்தாலும் சரி, தனியாக வாசித்தாலும் சரி, விட்டுவிடாதே.

ஒன்றுதான் எனக்கு வருத்தம். முன்பெல்லாம் பாட்டு முடிவதற்கு முன்னாலேயே அரைகுறையாக அனுப்பி "அப்பச்சி, எப்படி இருக்கு" என்று கேட்பாய். இந்தப் பாட்டு வெளிவந்ததை எதிர்வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேலை அதிகமாக இருக்கும், இல்லையென்றால் சொல்லியிருப்பாய். ஆத்தாவும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் அவள் ராத்திரி தூங்குவதில்லை. ஓட்டு வேலைக்காக எழுந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வளவில் நடக்கிறாள்.

பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு. நூல்திரி இட்ட மாவு இழை எடுத்துக்கொண்டு நாலு நாள் இரு. வேறு எதையும் யாரும் கேட்க மாட்டோம். ஆச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது ஒரு தாளில் இதுவரை வந்த பாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் மெட்டு யார், வார்த்தை யார், எந்த வாத்தியம் யார், ரெக்கார்டிங்குக்குப் பணம் யார் போட்டது என்று உனக்குத் தெரிந்தபடி எழுதிக்கொண்டு வா. மற்றவர்கள் செய்ததையும் விடாமல் எழுது, அவர்கள் பங்கைக் குறைத்து எழுதாதே. பழைய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், தேதியோடு இருக்கும் ஃபைல்கள் எதையும் அழித்துவிடாதே. அம்மானிடம் காட்டலாம், காட்டாமலும் வைத்திருக்கலாம், அது உன் இஷ்டம். எழுதி மட்டும் வை.

இன்னொன்று. நம் பங்கு அறையில் உங்கள் சாமான் கொஞ்சம் கிடக்கிறது. இரண்டு மைக் ஸ்டாண்டு, ஒரு பெரிய வயர்ச் சுருள், கறுப்புப் பெட்டி ஒன்று. மழையில் ஈரம் ஏறாமல் இருக்கப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன். இதில் எது உன்னுடையது, எது அவர்களுடையது என்று எழுது. உன்னுடையதை இங்கேயே வைத்திருக்கிறேன். அவர்களுடையதை அவர்கள் எப்போது வந்து கேட்டாலும் சாப்பாடு போட்டுக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பச்சி