பாவில் சாயம் ஏற்றாதீர்கள்: ஆய்வக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிகளுக்கு, வணக்கமுங்க.

போன பருவத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், நிரல் எழுதப் பயன்படும் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியைச் சொல்லிக்கொடுத்தேன். கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் தேடும் என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தேன். அங்கே அது கோப்பைச் சேமித்தது. அரைகுறையாக மாற்றிய நிரல்கள் பழையதன் மேலேயே பதிந்துபோயின. பிள்ளைகள் தப்பு தங்களுடையது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எந்த அமைப்புக் கோப்பையும் படிக்காமல் தொடங்கவைக்கும் 'மைனஸ் கியூ' (பெரிய எழுத்து Q) தெரிவைப் போட்டும் பார்த்தேன். அப்போதும் அதேதான்.

யாரோ நல்லெண்ணத்தில், கட்டும்போதே ஏறும் சைட்-இனிட் கோப்பில் அந்த விசையை மாற்றிவிட்டு, மூலநிரலிலிருந்து ஈமேக்ஸைக் கட்டியிருக்கிறார்கள் (பில்டு). கட்டும்போது டெமாக்ஸ் என்ற வெற்று நிரல், ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் எழுதிய கோப்புகளை ஏற்றி, அந்த நினைவக நிலையை அப்படியே படிமமாகச் சேமிக்கிறது (டம்ப்). 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து அது பிடிஎம்பி என்ற தனிக் கோப்பு. அதற்குள் போன மாற்றத்தை மைனஸ் கியூ தொடவே தொடாது.

சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தை நெய்கிறவர் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். தறியில் முன்பே நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் ஏறிய நிறம் அந்தப் பாவு தீரும்வரை அப்படியேதான் இருக்கும்.

ஈமேக்ஸ் கையேடே இதை எச்சரிக்கிறது: வழக்கமான நடத்தையை மாற்றுவதை, கட்டும்போது ஏறும் சைட்-லோடிலோ சைட்-இனிட்டிலோ வைக்காதீர்கள், டிஃபால்ட் கோப்பில் வையுங்கள் என்கிறது. டிஃபால்ட், பயனரின் சொந்தக் கோப்புக்குப் பிறகு ஏறும். வேண்டாதவர் தன் கோப்பில் ஒரே வரியில் அதைத் தடுத்துவிடலாம். சைட்-ஸ்டார்ட் என்ற இன்னொரு கோப்பு பயனரின் கோப்புக்கு முன்னால் ஏறும். அதனால் பயனர் சொல்வதே கடைசிச் சொல். எனக்குப் பிடித்தது சைட்-ஸ்டார்ட்தான். தமிழ் உள்ளீட்டு முறையை அதில் இயல்பாக வைத்துக்கொடுங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.

ஏற்ற நேரமெடுக்கும் பெரிய நூலகங்களை முன்கூட்டியே சேர்ப்பது நல்ல யோசனைதான். அப்படியென்றால் இயல்பான படிமத்தைத் தொடாமல், வேறு பெயரில் இன்னொன்று எடுத்து, 'டம்ப்-ஃபைல்' தெரிவோடு ஈமேக்ஸைத் திறக்கும் சிறு கட்டளை ஒன்றை வையுங்கள். படிமம் தன்னை உருவாக்கிய நிரலோடு மட்டும்தான் ஓடும். பதிப்பு மாறினால் மறுபடி எடுக்க வேண்டும்.

சரி, ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வருவதற்குள் உங்கள் சர்வரில் மைனஸ் கியூவோடு ஈமேக்ஸைத் திறந்து கன்ட்ரோல்-எஸ் அழுத்திப் பாருங்கள். தேடவில்லையென்றால் சைட்-இனிட்டில் உள்ள மாற்றத்தை நீக்கிவிட்டு அன்றைக்கே படிமத்தைப் புதிதாக எடுத்துவிடுங்கள்.