முதல் தடை நைலான் நூல்

ஐயா,

கோயில் பூக்கழிவிலிருந்து ஊதுபத்தி தயாரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. கான்பூரில் 2017-இல் தொடங்கிய 'பூல்' நிறுவனம், கங்கையில் போய்ச் சேரும் பூக்களை ஊதுபத்தியாக்கி வருகிறது. நம் ஊரில் இதற்கு முதல் தடை நூல்தான். எங்கள் தெருக் கோயில் மாலைகளைக் கொல்லையில் குழி வெட்டி உரமாக்கிப் பார்த்தேன். செவ்வந்தி மூன்று மாதத்தில் கருப்பு மண்ணாகிவிட்டது. நைலான் நூலும் ஜிகினாவும் சிக்குச் சிக்காக அப்படியே கிடந்தன. பிரித்தெடுக்க ஒரு பகல் போயிற்று. முன்பெல்லாம் வாழை நாரில்தானே கட்டினோம்? நார் பூவோடு சேர்ந்து மக்கிவிடும்.

நாரில் கட்டிய மாலைகளை மட்டுமே கோயில்களில் ஏற்க அறநிலையத் துறை உத்தரவிட வேண்டும். அப்புறம், பூவுக்கென்று வாசலில் தனித் தொட்டியும் வைக்கலாம்.

- வாசகி ஒருவர், மதுரை