சுயேச்சைக்குப் பத்து நாள் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை உட்பட 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் தேதி வந்த பிறகு பேசிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன். போன தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நின்று தோற்றவள் நான். தோற்றதில் வருத்தமில்லை, ஆனால் கட்சி இல்லாத ஒருவர் வார்டு மக்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளக்கூட நேரம் தராத அந்த அட்டவணை மறுபடியும் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அப்போது நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஜனவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத்தாக்கல், 7-ஆம் தேதி வாபஸ் பெறக் கடைசி நாள். அது முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கொடுத்தார்கள். 17-ஆம் தேதி மாலையோடு பிரசாரம் ஓய்ந்தது, 19-இல் வாக்குப்பதிவு. சின்னம் கைக்கு வந்ததிலிருந்து பிரசாரம் முடியும் வரை பத்தே நாள். பெரிய கட்சிகளின் சின்னத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும், அவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கோ அந்தச் சின்னத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்து வாங்குவதிலேயே நாள் ஓடிவிடும். நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும், எத்தனை பிரதி என்று இருக்க வேண்டும், செலவுக் கணக்கில் ஏற வேண்டும், இதெல்லாம் சரிதான், விதி விதிதான். ஆனால் அப்புறம் மிச்சமிருக்கும் நாளில் ஒரு மாநகராட்சி வார்டின் எல்லா வீட்டுக் கதவையும் ஒருமுறையாவது தட்ட முடியுமா என்று நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள்.

கதவைத் தட்டினால் முதல் கேள்வி, "ஏனுங்க, உங்க வீட்டுக்காரர் எந்தக் கட்சிங்க?" உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு கட்சிக்கார ஆண் இருப்பார் என்றே இன்னமும் பலர் நினைக்கிறார்கள். கட்சியும் இல்லை, வீட்டுக்காரருக்கு அரசியலும் தெரியாது, தண்ணீர்க் குழாய்க்காகவும் சாக்கடைக்காகவும் நான்தான் நிற்கிறேன் என்று விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும். என்னை நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டி சொன்னார்: "உன்னையத் தெரியும் கண்ணு, பொட்டியில நீ எங்க இருக்கேன்னு தெரியோணுமல்ல." என் பத்து நாளின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கோவையின் 100 வார்டுகளில் திமுக கூட்டணி 96, அதிமுக 3, எஸ்டிபிஐ 1. ஒரு சுயேச்சைகூட இல்லை. நாள் போதாதது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டணி பலம் இருந்தது, வாக்காளர்களுக்கு ஹாட்பாக்ஸ், வெள்ளிக் கொலுசு கொடுத்தார்கள் என்று எங்கள் ஊரே பேசிக்கொண்டது, செய்திகளிலும் வந்தது. மாநிலம் முழுக்க 218 பேர் போட்டியே இல்லாமல் ஜெயித்தார்கள். எதிர்த்து நிற்க ஒருவர்கூட மிஞ்சாத வார்டுகள் அத்தனை இருந்திருக்கின்றன என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

நான் ஏன் நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் 2022 வரை எங்களுக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள் நிர்வாகம்தான். தெருவிளக்கு எரியவில்லையா, மண்டல அலுவலகத்துக்குப் போ. 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்குத் தோண்டிய ரோட்டை மூடவில்லையா, அதற்கும் அங்கேதான் போக வேண்டும். அதிகாரிகளில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் மாறுதல் வந்தால் போய்விடுகிறவரிடம் எங்கள் தெரு சண்டை போட முடியாது. இப்போது ஊரகத்திலும் இதே கதை. 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். நகரங்களுக்கும் அது வரக் கூடாது.

மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வார்டு எல்லை மாறுமா, எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்பதைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், நிற்க நினைப்பவர் எந்த வார்டில் வேலை செய்வது என்று தெரிந்துகொள்ளட்டும். சின்னம் ஒதுக்கிய பிறகு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது மூன்று வாரமாவது இருக்கட்டும். சட்டமன்றத் தேர்தலிலேயே வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே 14 நாளாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நமக்கு 2022-இல் கிடைத்தது 12 நாள். அப்புறம் வாக்காளர் பட்டியல். சட்டமன்றப் பட்டியலைப் பிரித்துத்தான் வார்டு பட்டியல் தயாராகிறது, அதில் ஒரே தெருவின் பாதி ஒரு வார்டிலும் பாதி இன்னொரு வார்டிலும் விழுந்திருந்தால் திருத்தக் கேட்பதற்கும் அவகாசம் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாமும் நிற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 21 வயது முடிந்திருந்து, உங்கள் மாநகராட்சியின் ஏதாவது ஒரு வார்டு பட்டியலில் பெயர் இருந்தால் போதும். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். போன முறை மாநகராட்சிக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. கோவையில் செலவு உச்சவரம்பு 85,000. ஜெயித்தாலும் தோற்றாலும் 30 நாளுக்குள் கணக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாது, தோற்ற சோர்வில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முடிந்தால் இப்போதே, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் உங்கள் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பேசிப் பழகுங்கள், எந்தத் தெருவுக்கு என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நான் மறுபடியும் மனுத்தாக்கல் செய்யப் போகிறேன். ஆணையம் வார்டு எல்லையையும் ஒதுக்கீட்டையும் எப்போது அறிவிக்கும் என்பதை உங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட்டால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.