யாழினிக்கு: அந்தத் தோட்டத்துக்காரரைப் பற்றி

அன்புள்ள யாழினிக்கு,

நீ காத்மாண்டுத் தோட்டத்தில் எடுத்த போட்டோக்கள் வந்தன. அம்மா அந்தக் குளத்தையும் தூண்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீழே நீ "எவ்வளவு ரசனையான ராஜா பாருங்கப்பா" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குக் கை பரபரத்தது. அவர் ராஜா இல்லைம்மா. ராஜாவின் வீடு நாராயண்ஹிட்டி, பக்கத்திலேயே இருக்கிறது, இப்போது மியூசியம். நீ உட்கார்ந்து காபி குடித்த கனவுத் தோட்டம் நேபாளத்தை ஆண்ட ராணா குடும்பத்து ஜெனரல் ஒருவருடையது. கைசர் ஷம்ஷேர் ஜங் பகதூர் ராணா, 1892ல் பிறந்து 1964ல் இறந்தவர், பீல்ட் மார்ஷல், பிறகு அமைச்சர். கிளை நூலகத்திலேயே காலம் முழுக்க உட்கார்ந்திருந்த எனக்கு இந்த ஆள்மேல் ரொம்ப நாளாக ஒரு கண் உண்டு. காரணம் தோட்டம் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த ராணாக்கள் யார் என்று தெரிந்துகொள். 1846 செப்டம்பரில் காத்மாண்டு அரண்மனையை ஒட்டிய கோட் என்ற இடத்தில் ஒரே இரவில் பெரிய மனிதர்கள் பலரை வெட்டிச் சாய்த்துவிட்டு ஜங் பகதூர் என்பவர் ஆட்சியைப் பிடித்தார். அதிலிருந்து 1951 வரைக்கும் ராஜா பேருக்குத்தான் ராஜா, பிரதமர் நாற்காலி ராணா குடும்பத்துக்குள்ளேயே சுற்றியது, அதுவும் அப்பாவிடமிருந்து மகனுக்கு இல்லை, அண்ணனிடமிருந்து தம்பிக்கு, அப்புறம் அடுத்த தலைமுறையில் மூத்தவருக்கு என்று வயசு வரிசைப்படி. குடும்பத்துக்குள்ளேயே தாயின் குலத்தைப் பார்த்து ஏ, பி, சி என்று தரம் பிரித்து வைத்திருந்தார்கள். ஏ வகுப்பில் பிறந்த பையனுக்கு மீசை முளைக்கும் முன்பே தளபதி பதவி. கைசர் அப்படித்தான் ஜெனரல் ஆனார், ஏதோ போர்க்களத்தில் வாள் சுழற்றி இல்லை.

அவருடைய அப்பா சந்திர ஷம்ஷேர், 1901 முதல் 1929 வரை பிரதமர். அடிமை முறையை ஒழித்தவர், 1918ல் நாட்டின் முதல் கல்லூரியைத் திறந்தவர். திறப்பு விழாவிலேயே "என் காலில் நானே கோடாலி போட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. சொன்னாரோ இல்லையோ, படிப்பு என்ன செய்யும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மகன்களுக்கு ஆளுக்கொரு அரண்மனை. உங்கள் ஜனாதிபதி மாளிகை சீதல் நிவாஸ் இருக்கிறதே, அது கைசரின் தம்பி கிருஷ்ண ஷம்ஷேருக்காகக் கட்டியது. கடை கடையாகப் போட்டிருக்கும் பாபர் மஹால் இன்னொரு மகனுடையது. அப்பா தனக்குக் கட்டிக்கொண்டது சிங்க தர்பார், அது 2025 செப்டம்பர் கலவரத்தில் எரிந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் போன் கிடைக்காமல் நாங்கள் இங்கே பட்ட பாடும் உனக்குத் தெரியும்.

இவ்வளவு பணம் எங்கிருந்து என்று கேட்பாய். நாட்டு வருமானத்தில் செலவு போக மிஞ்சியது பிரதமருடையது, அவ்வளவுதான் கணக்கு. முதல் உலகப் போருக்கு நேபாளத்து ஆட்களை அனுப்பியதற்காக 1919லிருந்து பிரிட்டிஷ் அரசு வருஷத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது, அதையும் சேர்த்துக்கொள். அரசாங்கப் பெட்டிக்கும் வீட்டுப் பெட்டிக்கும் நடுவில் சுவர் கிடையாது. வரி கட்டத் தேவையில்லாத பிர்த்தா நிலங்கள் வேறு. தோட்டம் கட்டக் காசு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: சோழி ஆட்டத்தில் மகன் அப்பாவிடம் லட்ச ரூபாய் ஜெயித்தாராம், அந்தப் பணத்தில் கட்டினாராம். சுற்றுலாக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த லட்சம் அப்பாவின் மடிக்கு எப்படி வந்தது என்பதை அந்தக் கதை லேசாகத் தாண்டிப் போய்விடுகிறது, பார்.

ஆனாலும் தோட்டம் அழகுதான், அதை மறுக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் கிஷோர் நரசிங் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. சிங்க தர்பாரும் அவர் கைவண்ணம்தான். வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம் என்று ஆறு பருவங்களுக்கு ஆறு மண்டபங்கள். அமைப்பு என்னவோ இங்கிலாந்துப் பாணி, பருவக் கணக்கு நம் பக்கத்தது. அந்தக் காலத்தில் காத்மாண்டுக்கு வண்டி வர ரோடே கிடையாது என்பதை நினைத்துக்கொள். மோட்டார் காரைக்கூட ஆட்கள் தோளில் சுமந்து சந்திராகிரி மலையைத் தாண்டிக் கொண்டு வந்தார்கள், ராஜபாட்டை என்ற மோட்டார் ரோடு 1950களில்தான் வந்தது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு ஜாடிக்கும் ஒவ்வொரு புத்தகப் பெட்டிக்கும் யாரோ ஒருவருடைய முதுகு இருக்கிறது.

புத்தகம் என்றேன் அல்லவா, விஷயத்துக்கு வந்துவிட்டேன். கைசர் ஷம்ஷேர் வெறி பிடித்த வாசகர். ஐம்பதாயிரம் அளவுக்கு நூல்களும் சுவடிகளும் சேர்த்தார். அதில் பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையின் ஓலைச்சுவடி ஒன்று இருக்கிறது, கி.பி. 878ல் எழுதப்பட்டது, யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலான ஓலை! நான் சர்வீஸில் இருந்தபோது கரையான் அரித்த பழைய கெஜட்டைக் காப்பாற்றவே நாக்குத் தள்ளியது.

இப்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பார். 1920ல், அதாவது இந்தத் தோட்டம் எழும்பிய அதே காலத்தில், கிருஷ்ணலால் அதிகாரி என்ற அரசு ஊழியர் மக்காச்சோள விவசாயம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சோளம் எப்படிப் பயிரிடுவது, பூச்சி எப்படி வரும், அவ்வளவுதான். அதில் சிவப்புத் தலைப் பூச்சி, கறுப்புத் தலைப் பூச்சி என்று எழுதியது தங்களைத்தான் என்றும், சீமை நாயைவிட நாட்டு நாய்தான் திருடனைப் பிடிக்கும் என்றது குத்தல் என்றும் சந்திர ஷம்ஷேரின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரதிகளைத் தேடித் தேடி அழித்தார்கள். அவருக்கு ஒன்பது வருஷம் சிறை, 1923ல் உள்ளேயே செத்துப் போனார். அப்புறம் 1930ல், கைசரின் சித்தப்பா பீம் ஷம்ஷேர் பிரதமராக இருந்தபோது, சில இளைஞர்கள் ஒரு பொது நூலகம் திறக்க அனுமதி கேட்டு மனு எழுதினார்கள். பிடித்துப் போய் அபராதம் போட்டார்கள். பிறகு பெரிய கவியான லட்சுமி பிரசாத் தேவகோட்டாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நூலகம் வேண்டும் என்று கேட்டது குற்றம்! அதே ஊரில் ஒரு வீட்டுக்குள் ஐம்பதாயிரத்தை நோக்கிப் புத்தகம் சேர்ந்துகொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான்.

கைசரே யாரையும் பிடித்து உள்ளே போட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் படித்தவர், அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் அதிகம். படிக்காத முரட்டு ஜெனரல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

அரசியலில் ஆள் நல்ல சாமர்த்தியசாலி. ராஜா திரிபுவனின் அக்காவைக் கட்டியவர், இந்தப் பக்கம் கடைசி ராணா பிரதமர் மோகன் ஷம்ஷேரின் தம்பி, இரண்டு பக்கமும் கால். 1950 நவம்பரில் திரிபுவன் இந்தியத் தூதரகத்துக்குள் போய் தஞ்சம் புகுந்து, விமானத்தில் டெல்லி போய்ச் சேர்ந்தார். ராணாக்கள் அவருடைய மூன்று வயசுப் பேரக் குழந்தை ஞானேந்திராவுக்கு முடி சூட்டி வைத்தார்கள், இந்தியா அதை ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது பேச்சு நடத்த டெல்லிக்கு அனுப்பப்பட்டவர்களில் கைசர் ஒருவர். நூறு வருஷ ஆட்சி கையை விட்டுப் போகிற பேச்சில் தன் குடும்பத்துக்காக உட்கார்ந்தவர், 1952ல் அதே திரிபுவன் அமைத்த ஆலோசகர் அரசில் முக்கிய ஆளாக உட்கார்ந்திருக்கிறார். பிறகு பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். அண்ணன் மோகன் 1951லேயே பதவியைத் துறந்து பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டார். தம்பி ஊரிலேயே இருந்தார், புத்தகங்களோடு. 1959ல் பிரதமர் பி.பி. கொய்ராலாவின் அரசு பிர்த்தா நிலங்களை ஒழித்ததையும் பார்த்துவிட்டுத்தான் இறந்தார்.

அவர் போன பிறகுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் மனைவி கிருஷ்ண சந்திர தேவி அந்த நூலகத்தையே அரசிடம் கொடுத்துவிட்டார். 1960களின் கடைசியில் பொதுமக்களுக்குத் திறந்தது. தோட்டம் மட்டும் கவனிப்பாரில்லாமல் கிடந்து, பாதி நிலமும் போய், 2000க்குப் பிறகு ஆஸ்திரியா பண உதவியில் மீண்டது. ஆறு மண்டபங்களையும் இப்போது பார்க்க முடியாது. சேர்த்தவர் பேரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், திறந்துவிட்டவர் பேரைச் சொல்ல ஆளில்லை. நான் சொல்லி வைக்கிறேன்.

அந்த நூலகம் நீ உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்துக் கட்டடம்தான், கைசர் மஹால். 2015 நிலநடுக்கத்தில் அடி வாங்கியது. உள்ளே பாடம் செய்த புலி ஒன்று நிற்கும், அதோடு செல்பி எடுத்து அனுப்பாதே. அலமாரிகள் எந்த நிலையில் இருக்கின்றன, வாசிக்க ஆட்கள் வருகிறார்களா, வெளியாள் கேட்டால் புத்தகம் எடுத்துத் தருகிறார்களா, அதைப் பார்த்து எழுது. அங்கே வேலை செய்பவரிடம் நூற்பட்டியல் கார்டிலா கம்ப்யூட்டரிலா என்று கேள், உங்கப்பாவும் நூலகர் என்று சொல், மனுஷன் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார். சனிக்கிழமை அங்கே விடுமுறை, அதனால் வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் சொல்லிவிட்டுப் போ. நுழைவுச் சீட்டு கேட்டால் வாங்கிக்கொள், தோட்டத்துக்குக் கொடுத்தாயே.

அன்புடன்,
அப்பா