மாமா அந்த நாயிடம் பேசட்டும், அக்கா

அன்புள்ள பின்வீட்டு அக்காவுக்கு,

நேற்று மெட்ரோ வாட்டர் லாரி வந்தபோது, பட்டாளத்திலிருந்து திரும்பிவந்த மாமாவைப் பற்றி, குடத்தை நகர்த்திக்கொண்டே கேட்டீர்கள். "எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்கறாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தத் தெரு நாய்கிட்ட உக்காந்து பேசிக்கினு இருக்காரு. உங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தாராமே?" பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். "அப்புறம் சொல்றேன்க்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நம் இருவரில் ஒருவர் அழுதுவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் போடட்டுமா என்று காலையில் போனில் கேட்டேன், பெயர் போடாமல் போடு என்றீர்கள். பெயர் போடவில்லை.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி முடித்து, 24 வருஷம் ஓட்டிவிட்டு, 2006ல் ஹவில்தாராகத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பினார். கடைசி வருஷங்களில் பாதி காஷ்மீரில், ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்கிற தீவிரவாத எதிர்ப்புப் படையில். அதுவரை எனக்கு அப்பா என்றால் வருஷத்துக்கு இரண்டு மாத லீவு, ஒரு டிரங்குப் பெட்டி, கேன்டீன் சோப்பு வாசனை. அவ்வளவுதான்.

நிரந்தரமாக வந்தவர் வேறு ஆளாக இருந்தார். இரவில் மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். ஓட்டலில் சுவரோரமாக இடம் காலியாகிறவரை நின்றுகொண்டே இருப்பார். முதுகுக்குப் பின்னால் ஆள் உட்காரக் கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் டயர் வெடித்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றையும் விட மோசம், மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற ஊர்வலங்கள். நம் ஊரில் செத்தவரைச் சும்மாவா அனுப்புகிறோம்? மோளமும் சரவெடியும் இல்லாமல் பாடை நகராதே. முதல் வெடிக்கு அப்பா எங்கே இருந்தாலும் தரையில் இருப்பார்.

ஒரு ராத்திரி கனவில் முனகியவரை அம்மா தோளைத் தட்டி எழுப்பப் போனாள். அவர் கண் திறக்கும் முன்பே கை அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டது. இரண்டு வாரம் கட்டு. குழாயடியில் வழுக்கிவிட்டது என்று தெருவில் சொன்னோம், உங்கள் மாமியாரிடமும் அப்படித்தான் சொன்னோம். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன் அக்கா: மாமா கனவில் அலறினால் தொட்டு எழுப்பாதீர்கள். லைட்டைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

2008 மழைக்காலத்தில் மீன்பாடி வண்டிக்கு அடியில் ஒரு குட்டி நனைந்துகொண்டு கிடந்தது. செம்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அப்பா அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து 'சுபேதார்' என்று பெயர் வைத்தார். ஹவில்தாருக்கு மேலே நாயிப் சுபேதார், அதற்கும் மேலே சுபேதார். "வீட்ல எனக்கு மேல ஒரு ஆபீசர் வேணும்ல" என்பார். இரண்டு வருஷத்தில் அவர் அடித்த முதல் ஜோக் அது. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கிற ஒண்டுக் குடித்தனத்தில் இது வேறயா என்று கத்தினாள், நீங்கள் கத்துகிற மாதிரியே.

அப்பாவுக்கு நாய் ஏன் சரிப்பட்டது என்று வெகுநாள் எனக்குப் புரியவில்லை. பாசம், நன்றி என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் நினைத்தேன். பிறகு ஒருநாள் அவரே சொன்னார். காஷ்மீரில் தினமும் காலையில் வாகனங்கள் போவதற்கு முன்னால் சாலையைச் சோதிக்க ஒரு குழு நடந்து போகும். ரோடு ஓப்பனிங் பார்ட்டி என்பார்கள். வெடி புதைத்திருக்கிறார்களா என்று மோப்பம் பிடிக்க முன்னால் நாய் போகும். மீரட்டில் இருக்கிற ராணுவக் கால்நடைப் படைப்பிரிவின் மையத்தில் பயிற்சி பெற்று வருகிற நாய்கள் அவை. நாய் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். நாய் நடந்தால் நடக்கலாம். ராணுவ வேலையில் உயிரை விட்ட நாய்களும் உண்டு. 2022ல் ஆக்ஸெல், ஜூம் என்று இரண்டு ராணுவ நாய்கள் காஷ்மீரில் தீவிரவாதிகளுடன் நடந்த சண்டைகளில் குண்டடிபட்டு இறந்தது பேப்பரிலேயே வந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள் அக்கா. "ஒன்னும் இல்லப்பா, லாரி டயர்தான்" என்று நாங்கள் நூறு தடவை சொல்லியிருப்போம். அவர் மூளை கேட்டிருக்கும், உடம்பு கேட்கவில்லை. ஆனால் சுபேதார் வாசற்படியில் கால் நீட்டிப் படுத்து, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டால் அந்த உடம்பு நம்பிவிடும். நாய் தூங்குகிறது, அப்படியானால் ஒன்றும் இல்லை. ராத்திரி மூன்று தடவை தாழ்ப்பாளைத் தொட்டவர், கொஞ்ச மாதத்தில் ஒரு தடவை தொட்டார், அப்புறம் அதுவும் நின்றது. "சென்ட்ரி டூட்டிய ஒப்படைச்சிட்டேன்" என்றார்.

அமெரிக்காவில் இதற்கென்றே நாய்களைப் பழக்குகிறார்கள். எஜமானின் கெட்ட கனவைக் கலைத்து எழுப்பவும், கூட்டத்தில் அவர் முதுகுப் பக்கம் நின்று காவல் பார்க்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்னாள் படைவீரர்கள் இந்த நாய்களைப் பழக்குவதையே சிகிச்சையாகச் செய்து பார்க்க 2021ல் அங்கே ஒரு சட்டமே போட்டார்கள். 2024ல் வந்த ஓர் ஆய்வில், பி.டி.எஸ்.டி. என்கிற இந்த மனக்காயம் உள்ள 156 படைவீரர்களைப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாய் கிடைத்துவிட்டது, மற்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, நாய் கிடைத்தவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆனால் வழக்கமான சிகிச்சை இரண்டு பக்கமும் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் சுபேதாருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, அது வேறு விஷயம். தெரு நாய்க்குத் தெருதான் வாத்தியார்.

தீபாவளிக்கு அப்பா வருஷா வருஷம் பொன்னேரிப் பக்கம் சித்தப்பா வீட்டுக்கு ஓடிவிடுவார். 2009ல் ஓட முடியவில்லை. சுபேதாரை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், விட்டுவிட்டும் போக முடியாது. முதல் அணுகுண்டுக்கே நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கியது. அப்பா ஜன்னலை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் பழைய புடவையை அடைத்து, டிவியை அலற விட்டு, தானும் கட்டிலுக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டார். "பயப்படாதீங்க சாப், பட்டாசுதான். பசங்க வெடிக்கிறாங்க" என்று விடிய விடிய சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் அவரிடம் சொல்லிச் சலித்துப்போன அதே வார்த்தைகள். அன்று அவருக்கும் நடுக்கம் இருந்தது, நான் குனிந்து பார்த்தேன். ஆனாலும் வீட்டில்தான் இருந்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் பேசாமல் நாயிடம் ஏன் பேசுகிறார்?

அம்மாவுக்கும் அந்தப் பொறாமை இருந்தது. பொறாமை என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான். 18 வருஷம் தனியாகப் பிள்ளை வளர்த்து, கடிதத்துக்கும் போனுக்கும் காத்திருந்தவளை விட்டுவிட்டு மனுஷன் நாயைக் கொஞ்சினால் யாருக்குத்தான் வலிக்காது? ஒருநாள் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா சுபேதாரிடம் பேசிக்கொண்டிருந்தார். காஷ்மீரில் ஒரு காலைப் பொழுதில் நடந்தது. கூட இருந்த ஒருவரைப் பற்றியது. என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. அம்மா குழாயை மூடிவிட்டு, மீன் கையோடு அப்படியே நின்று முழுசையும் கேட்டாள். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவே எட்டடிதான். அம்மா அங்கே இருப்பது அப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை.

"எனக்குச் சொல்லலடி. நான் இருக்கிற எடத்துல சொன்னாரு" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவர் நாயிடம் பேச உட்கார்ந்தால் அடுப்படியில் அவளுக்கு ஏதாவது வேலை இருக்கும். பூண்டு உரிப்பாள், முருங்கைக்கீரை ஆய்வாள். குறுக்கே பேச மாட்டாள். நேருக்கு நேராக உட்கார்ந்து பேச அவருக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

நாய் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அப்பா டாக்டரைப் பார்க்கவே மறுத்தார். சென்னைக்காரனிடம் கீழ்ப்பாக்கம், அதாவது மனநல ஆஸ்பத்திரி, என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். முதலில் போன ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையே நிமிராமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தது வேறு சேர்ந்துகொண்டது. கடைசியில் சுபேதாருக்கு வருஷ ஊசி போட்டுத் திரும்பும்போது, "சாப் ஊசி போட்டாச்சு, இனிமே நானும் போட்டுட வேண்டியதுதான்" என்று அவரே சொன்னார். இன்னொரு டாக்டர், மனசு விட்டுப் பேச வைக்கிற சிகிச்சை, சில மாத்திரை. அதுவும் வேண்டியிருந்தது அக்கா. மாமாவின் இ.சி.எச்.எஸ். கார்டை, அதான் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டக் கார்டு, அலமாரியிலேயே வைத்திருக்காதீர்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். நீங்கள் உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

எல்லாருக்கும் நாய்தான் என்றும் இல்லை. அப்பாவின் நண்பர் ஒருவர், வியாசர்பாடிக்காரர், அவருக்கு மகன் காசு கொடுத்து லாப்ரடார் வாங்கித் தந்தான். மூன்றாவது மாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அவரும் திணறினார், நாயும் திணறியது. ஆறு மாதத்தில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிறகு மொட்டை மாடியில் கர்ணப் புறா நாலு ஜோடி வளர்த்தார். சாயங்காலம் விட்டுவிட்டுக் கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது. மாமாவின் நாய் யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை, அவரே தேடிக்கொண்டது. அதனால்தான் துரத்தாதீர்கள் என்கிறேன்.

உங்கள் பயத்தையும் நான் தட்டிவிடவில்லை. கைப்பிள்ளை இருக்கிற வீடு. நான் பார்த்தவரை அந்த நாயின் காதில் வெட்டு இல்லை, அதாவது கார்ப்பரேஷன்காரர்கள் இன்னும் கருத்தடை செய்து விடவில்லை. அதைச் செய்ய வேண்டும், வெறிநாய் ஊசி போட வேண்டும், கார்ப்பரேஷன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதற்கிடையே பிள்ளையைக் கீறினாலோ கடித்தாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காமல் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஊசியை ஒன்றுகூட விடக் கூடாது.

புதன்கிழமை எனக்கு லீவு. காலையிலேயே வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், லேட்டானால் கூட்டம். நாயை ஏற்றுகிற ஆட்டோக்காரர் ஒருவர் எனக்குத் தெரியும், பேசி வைத்துவிட்டேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அது அவர் பிடித்தால்தான் அடங்கும். சீட்டில் எழுத நாயின் பெயர் கேட்பார்கள். இன்னும் வைக்கவில்லை என்றால் இன்று ராத்திரி அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
முன்வீட்டு ஹவில்தார் மகள்